பல் பதிந்த புகைக்குழாய்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, நம் அருங்காட்சியகத்தின் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் நம் பட்டியல் அக்காவின் மகளே! பழுதுபார்ப்பு அறையிலிருந்து வந்திருக்கிறேன். அக்கா நம்மை விட்டுப் போன இந்த மூன்று நாளாக ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வரிசை மாறிப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் அக்கா! அப்படித்தானே அழைத்தோம்? ஆசியப் புகைக்குழாய்க் கூடத்தின் நானூறு குழாய்களுக்கும் குறிப்பு எழுதிய மேதை அவர். ஒருநாளும் புகைபிடித்ததில்லை, ஆனால் எந்தக் குழாய் யாருடையது என்று சொல்லிவிடுவார். "நீளக் குழாய்னா பெரிய வீட்டு ஆளு. புகையிலை வைக்கிற கிண்ணம் கைக்கு எட்டாது, பத்த வைக்க ஒருத்தர் வேணும். குட்டைன்னா உழைக்கிற ஆளு. பல்லுல கடிச்சுக்கிட்டே ரெண்டு கையாலயும் வேலை பாக்கலாம்" என்பார். கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொல்வார்!

அவரைத் தூங்கவிடாதது ஒரே ஒரு குழாய். கை நீள மூங்கிலோடு, 'பிரபு வீட்டுக் குழாய்' என்று பெருமையாகக் காட்டுகிறோமே, அதுதான். அதன் பித்தளை வாய்முனையில் ஆழமான பல்தடம். அவ்வளவு நீளமானதைப் பல்லால் கடித்து நிறுத்த முடியுமா? "தம்பி, இந்த மூங்கில் பழசுதானா?" என்று ஒன்பது ஆண்டுகளாக என்னிடம் கேட்டார். "பழசுதான்க்கா, நம்புங்க" என்றேன்.

பொய், தோழர்களே! அது வந்தபோது மூங்கில் ஒரு சாண்தான் இருந்தது, வெடித்தும் இருந்தது. முறிந்ததன் மிச்சம் என்று நானாக முடிவுகட்டி, காட்சிப் பேழைக்கு அழகாக நீள மூங்கிலை மாட்டினேன். பதிவேட்டிலும் எழுதவில்லை. முதலில் சொல்ல வெட்கம், அப்புறம் பயம்.

சென்ற மாதக் கூட்டத்தில், நம் கூடத்தைப் பற்றி வரப்போகும் நூலுக்கு எழுதிய பக்கத்தை அக்கா வாசித்தார். அந்தப் 'பிரபு வீட்டுக் குழாய்' உண்மையில் ஒரு கூலியாளின் குழாய் என்றார். "பல்தடத்தைப் பாத்துத்தான் வரலாறு எழுதுறீங்களா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தோம். எல்லாம் தெரிந்த நானும் சிரித்தேன்! அக்கா பக்கத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அதுவே அவர் வந்த கடைசிக் கூட்டம். இதை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்?

இயக்குநர் அவர்களே, நூல் நாளை அச்சுக்குப் போகிறது. அந்தப் பழைய மூங்கில் இதோ, என் கையில். தூக்கி எறிய மனம் வராமல் இழுப்பறையில் ஒளித்திருந்தேன். அக்கா எழுதிய அந்தப் பக்கம் அவர் மகளிடம் இருக்கிறது. அதை அப்படியே அச்சிடுங்கள். மூங்கிலை மாற்றியவன் நான் என்று கீழே என் கையெழுத்தும் வரட்டும். வேலை போனால் போகட்டும். அந்தப் பக்கம் அச்சேறும்வரை ஓயமாட்டேன், இது உறுதி!

அக்கா, நீங்க சொன்னது சரிதான்க்கா. நீங்க உயிரோட இருக்கும்போதே சொல்லியிருக்கணும்.