முதல் வரியில் அண்ணன் வீடு

எனக்குச் சட்டென்று கோபம் வராது சார். எங்கள் அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அணையின் மதகைத் திறக்கும்முன் ஆற்றங்கரை வீடுகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் புரோகிராமை நான்தான் எழுதினேன். ஒரு கோப்பில் இருக்கும் போன் நம்பர்களை வரிவரியாகப் படித்து அனுப்பும். ஆற்றுக்கு மிக அருகில் உள்ள வீடு முதல் வரி. அது என் அண்ணன் வீடு. அக்கம்பக்கத்தில் வேறு வீடு கிடையாது.

சோதித்தபோது அந்த நம்பருக்கு மட்டும் செய்தி போகவில்லை. திரையில் பத்து இலக்கமும் சரியாகவே தெரிந்தன. அழித்து அழித்து அடித்தும் பயனில்லை. கடைசியில் அந்த வரியின் எழுத்துகளைக் கம்ப்யூட்டரையே எண்ணச் சொன்னேன். பதினொன்று என்றது. கோப்பைச் சேமித்த மென்பொருள், கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைக் கோப்பின் தலையில், முதல் நம்பருக்கு முன்னால், ஒட்டிவிட்டிருந்தது. அதை நீக்கப் புரோகிராமில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். சரியாகிவிட்டது.

அம்மா அண்ணனோடுதான் இருந்தாள். "அவனுக்கு யாருடா இருக்கா? நீதான் பொண்டாட்டி பிள்ளையோட நல்லா இருக்கியே" என்பாள். நல்லா இருப்பது குற்றமா சார்? அவளுக்கென்றே ஓர் அறை கட்டினேன். வருவாள், மறுநாளே பையைத் தூக்கிக்கொள்வாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எனக்கு அழத் தெரியாது.

அன்று மழை விடவில்லை. இரவு மதகைத் திறக்க உத்தரவு வந்தது. அண்ணனுக்குப் போன் செய்து அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். "இந்தாம்மா, உன் செல்லப்பிள்ளை" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தான்.

"இன்னைக்கு நம்ம வீட்டுல தங்கிக்கம்மா. கார் அனுப்புறேன்."

"சரிப்பா" என்றாள்.

காரை அனுப்பினேன். பிறகு புரோகிராமில் நான் சேர்த்திருந்த அந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன். காலையில் திரும்பப் போட்டேன். நீங்கள் புரோகிராமை ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது அதனால்தான். விடியும்வரை நான் அலுவலகத்தை விட்டு நகரவில்லை, போனைத் தொடவில்லை. யார் குரலாவது கேட்டால் மனசு மாறிவிடுமோ என்று பயம்.

விடிந்த பிறகுதான் டிரைவர் சொன்னான். "உங்க அண்ணனுக்குக் காய்ச்சலாம் சார். நாளைக்கு வரேன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க."

அண்ணனைக் கொன்றேன். இந்த வாக்குமூலத்தில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அம்மாவின் பெயரையும் அதில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்தால் நெஞ்சு தாங்கவில்லை. அவளை நான் ஒன்றுமே செய்யவில்லை. வரத்தான் சொன்னேன் சார். அன்றைக்கும் அவள்தான் வரவில்லை.