கற்பூரம் நிற்காத அறை

சர்க்கரையைக் கருக்குவது எளிது. பாயசம் வைக்கத் தெரியாத என்னைப் போன்றவர்கள் அடிக்கடி செய்வதுதான். காற்றுப் படாமல் கருக்கினால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. ஆதிமூலம் சாரின் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்தது கடினக் கரி. சோடியம் பேட்டரிக்கு. லித்தியம் நுழையும் கிராஃபைட்டில் சோடியம் நுழையாது. அடுக்குகள் அத்தனை ஒழுங்கு. தாறுமாறான கரியில்தான் அதற்கு இடம் கிடைக்கும். உப்பிலிருந்து பேட்டரி செய்து உலகை மாற்றுவோம் என்பார் சார். அவர் அப்படிச் சொல்ல ஆரம்பித்தது 2006-ல். உலகம் அவசரப்படவில்லை.

பழைய பிரெஞ்சு வீடு. ஒயின் பீப்பாய் வைத்த நிலவறையில் உலை. கரி எரிந்துவிடாமல் உலைக்குள் ஆர்கான் வாயு ஓடும். பிறகு அறைக்குள் வரும். வாசனை கிடையாது. காற்றைவிடக் கனம், தரையில் தங்கி மூச்சுக்காற்றைத் தள்ளிவிடும். அதை வெளியேற்ற ஒரு மின்விசிறி. சுவிட்ச் மேலே.

ஆயுத பூசையன்று எல்லா இயந்திரத்துக்கும் ஓய்வு. உலைக்கு மட்டும் இல்லை. நடுவில் அணைத்தால் கரி பாழ் என்றார் சார். போன வருடம் என் மனைவி அமுதவல்லி, அவளுக்கும் அங்கேதான் வேலை, உலைக்குச் சந்தனம் வைத்துக் கற்பூரம் ஏற்ற இறங்கினாள். விசிறிக் காற்றில் கற்பூரம் நிற்கவில்லை. சார் விசிறியை நிறுத்தினார். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு வருகிறேன் என்றாள். நாங்கள் தெருவில் பூசணிக்காய் உடைத்து, பொரி தின்று, பேசிக்கொண்டு நின்றோம். திரும்பியபோது அவள் நெற்றி தரையில் இருந்தது. பக்தி என்று நினைத்துக் கொஞ்சம் காத்திருந்தோம்.

விபத்து என்று எழுதினார்கள். இரங்கல் கூட்டத்தில் சார் நன்றாகவே அழுதார். பிறகு இன்னும் பெரிய உலை வாங்கினார்.

இந்த வருடம் பூசையை அவரே போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். முதலாளி அல்லவா. முன்னதாகவே வாயுவை முழுக்கத் திறந்து, விசிறியை நிறுத்தியிருந்தேன். அவர் இறங்கினார். நான் மேலே நின்றேன்.

"இன்னாப்பா, கற்பூரம் பத்தவே மாட்டுது?"

"நல்லா குனிஞ்சு பத்த வைங்க சார். தரையில காத்து இல்ல."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் குனிந்தார். நான் தெருவுக்குப் போனேன். பூசணிக்காய் அழகாகச் சிதறியது.

அவரைக் கொன்றது நான்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அமுதாவைக் கொன்றது அவர். சுவிட்சில் இருந்தது அவர் கை. "சார், அந்த ஃபேன நிறுத்துங்க, கற்பூரம் நிக்க மாட்டுதாம்" என்று சொன்னது மட்டும்தான் நான்.