ரெண்டு வரிக்குக் கீழ

இல்லண்ணே, உள்ள போவாண்டாம், இங்கன வாசல்லயே இருங்க. அம்ம சீலை மாத்திக்கிட்டிருக்கா. காப்பி போட்டுட்டுத்தான் வருவா. கேமராவ இப்பமே மாட்டாதீய. மொதல்ல நான் கேக்கதுக்குப் பதில் சொல்லுங்க. பொழச்ச டைட்டஸ் வீடு இதுதான்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?

பஸ்ஸ்டாப்புலயா. எந்த டைட்டஸுன்னு கேட்டிருப்பாவளே. கேப்பாவ, கடக்கரையில தெருவுக்கு நாலு டைட்டஸ் உண்டும். பட்டப்பேரு சொன்னாத்தான் இங்கன ஆளு பிடிபடும். ஓ, பஹ்ரைன் டைட்டஸுன்னீயளா. அதான் நேரா இங்க கையக் காட்டிட்டாவ. ஆமா, எங்கப்பா பேரு டைட்டஸ்தான். பஹ்ரைன்ல அந்த போட்டுலதான் கடலுக்குப் போனாரு. அதெல்லாம் சரிதான்.

ஒங்களுக்கு சேதி எங்க கெடச்சுது? அந்த இங்கிலீஷ் பேப்பரா. நெட்டுலயா. முழுசாவா படிச்சீய?

போனக் காட்டுங்க. ம், இதேதான். போட்டு மேல கப்பல் மோதிச்சு, அஞ்சு பேருல நாலு பேரு செத்தாச்சு, டைட்டஸுன்னு ஒருத்தரு மட்டும் பொழச்சு ஆசுபத்திரியில இருக்காரு, திருநெல்வேலி மாவட்டத்துக் கடக்கரைக்காரரு. ரெண்டே வரி. அதுக்குப் பெறவு எழுத்து பைய மங்கி வெள்ளையாப் போயிருது. கீழ ஒரு பொட்டி, சந்தா கட்டுனாத்தான் மிச்சம்னு. நீங்களும் அதோட நின்னுட்டீய. யூடியூப்புல நியூஸ் சேனல் நடத்துதீய, ஒரு பேப்பருக்கு சந்தா கட்ட மாட்டீயளா? சிரிக்காதீய, நெசமாத்தான் கேக்கேன்.

எம்பேரா, ஃபெமினா. படிக்கல. பதினொண்ணுல நின்னாச்சு. ஏன்னா பிடிக்கல, அவ்வளவுதான். எங்கப்பா அங்கருந்து ஒரு வாரம் எங்கூட பேசல, பெறவு பேசுனாரு. இப்பம் திசையன்விளையில ஹபீப் முகம்மது அண்ணாச்சி பிரவுசிங் சென்டர்ல இருக்கேன். வருமானச் சான்று, ஹால் டிக்கெட்டு, பட்டா, எல்லாம் எடுத்துக் குடுப்பேன். அதனால இந்தப் பூட்டெல்லாம் எனக்கு அத்துப்படி.

சொல்லுதேன், ஒங்களுக்கும் ஒதவும். சில பேப்பரு மாசத்துக்கு அஞ்சு ஓசின்னு எண்ணிக்கிட்டே இருக்கும். அதுக்கு இன்காக்னிட்டோவுல போனாப் போதும், நம்மள இன்னாருன்னு அதுக்குத் தெரியாது, ஏதோ புது ஆளுன்னு விட்டுரும். சிலதுல எல்லா எழுத்தும் மொதல்லயே வந்துரும், பெறவுதான் பொட்டி வந்து மூடும். மூடுததுக்கு முந்தி மேல இருக்க பெருக்கல் குறிய அமுக்கிரணும். வெரலு வேகம் வேணும். இன்னொண்ணு ரீடர் மோடு. அதத் தட்டுனா வெளம்பரம், பொட்டி எல்லாம் போயி, முள்ளெடுத்த மீனு மாதிரி வெறும் எழுத்து மட்டும் வரும்.

தப்பா? தப்புதான், நான் இல்லன்னா சொன்னேன். எழுதுனவனுக்கும் வயிறு உண்டுல்லா. காசு கட்டிப் படிக்கத்தான் போனேன், அது கார்டு நம்பரு கேட்டுச்சு. இந்த வீட்டுல ஏது கார்டு. அண்ணாச்சி குடுத்திருப்பாரு, ஆனா எதுக்குன்னு கேப்பாரு. அப்பம் நான் வாயத் தொறந்து சொல்லணும்லா.

நேத்து காலைல நடந்தது இது. ரெண்டு வரியையும் நான்தான் அம்மைக்குத் தமிழ்ல சொன்னேன், மிச்சம் பூட்டிக் கெடக்குன்னும் சொன்னேன். அவ செருப்பு கூட போடல, அந்தோணியார் கோயிலுக்கு ஓடுனா. வாற வழியெல்லாம் கல்கண்டு குடுத்துட்டு வந்தா. நீங்க தெருவுக்குள்ள வரும்போது ஒங்களப் பாத்து எல்லாரும் சிரிச்சிருப்பாவளே. அதான்.

நான் சென்டருக்குப் போயி உக்காந்தேன். இந்தப் பேப்பரு கொஞ்சம் கெட்டி. இன்காக்னிட்டோ பலிக்கல. பெருக்கல் குறிய ஏழெட்டு தடவ அமுக்குனேன், பொட்டிதான் ஜெயிச்சுது. ரீடர் மோடுலயும் அதே ரெண்டு வரி. பெறவு செட்டிங்ஸ்ல போயி ஜாவாஸ்கிரிப்ட்டுன்னு ஒண்ணு இருக்குல்லா, அத அணைச்சேன். பக்கம் கோணலா வந்துச்சு, படம் ஒண்ணும் வரல. பொட்டியும் வரல.

அஞ்சு பேரு விவரமும் இருந்துச்சுண்ணே. பேரு, வயசு, ஊரு.

டைட்டஸ் ரெண்டு பேரு. ஒரு டைட்டஸுக்கு இருபத்தொம்பது வயசு, கூத்தங்குழி. இன்னொரு டைட்டஸுக்கு நாப்பத்தாறு, ஊரு இதே உவரி. ஆசுபத்திரியில இருக்கது இருபத்தொம்பது.

இல்ல, தப்பா எல்லாம் படிக்கல. நாலு தடவ படிச்சேன். ஒவ்வொரு வார்த்தையா அகராதியில போட்டுக் கூட பாத்தேன். அதுல ஒண்ணும் கஷ்டமான இங்கிலீஷு கெடையாது. ஜாவாஸ்கிரிப்ட்ட திரும்பப் போட்டுட்டேன், பொட்டி வந்து மூடிக்கிட்டுது. பெறவு ஒரு அம்மாவுக்கு ஆதார் பிரிண்ட்டு எடுத்துக் குடுத்தேன்.

அம்மைக்கா. சொல்லல. கோயில் பங்குச் சாமிக்கு நாளைக்கோ நாளக் கழிச்சோ போன் வரும், அவரு வந்து சொல்லுவாரு. அதுவரைக்கும் கெடக்கட்டும்.

ஆனா ஒண்ணு சொல்லுதேன். எங்கப்பா போன மாசம் ஸ்பீக்கர்ல பேசும்போது, எம்பேருலயே ஒரு பய வந்திருக்கான், என்னையப் பெரிய டைட்டஸுன்னும் அவனச் சின்ன டைட்டஸுன்னும் கூப்புடுதாவன்னு சொல்லிச் சிரிச்சாரு. அம்மையும் பக்கத்துலதான் இருந்தா. அவளும் சிரிச்சா. நேத்து சாயங்காலம் நான் வந்ததும், அந்தப் பூட்டு தொறந்துச்சாட்டின்னு கேட்டா. இல்லம்மான்னேன். கொஞ்ச நேரம் எம்மூஞ்சியவே பாத்தா. செரி, தொறக்காட்டி விடு, அதப் போட்டு நோண்டாதன்னுட்டு மீனக் கழுவப் போயிட்டா.

அழல்லாம் இல்லண்ணே. நீங்க மூஞ்சிய அப்பிடி வைக்காதீய, அவ கண்டுபிடிச்சிருவா.

கூத்தங்குழிக்குப் போங்க. அவன் வீட்டுல சந்தோசமா பேசுவாவ, ஒங்களுக்கும் நல்லா இருக்கும். காப்பியக் குடிச்சிட்டே போங்க. அம்மகிட்ட கேமராவுல சார்ஜ் இல்லன்னு சொல்லுங்க. நாளைக்கு வாறேன்னு மட்டும் சொல்லிறாதீய. நாளைக்கும் அந்தச் சீலையக் கெட்டிக்கிட்டு உக்காந்திருப்பா.