தி.நகர் பஸ் ஸ்டாண்டுல மனசு நின்னுச்சு

ஐய, போதும் நைனா, தண்ணி தெளிக்காத! பொடவைலாம் நனைஞ்சு போச்சு. மயக்கம்லாம் இல்லபா. சுகரும் இல்ல, பிரஷரும் இல்ல. கண்ண மூடிக்கினு சொம்மா குந்திகினு இருந்தேன். நீ இன்னாடான்னா ஆம்புலன்ஸுக்கே போன் போட்டுட்ட. கட் பண்ணு, கட் பண்ணு! ஏன் சிரிக்கிறேன்னு பாக்குறியா? தாங்கல நைனா, மெய்யாலுமே தாங்கல. எனக்கு மனசு நின்னுடுச்சு!

பின்னாடி தெருவுல தியான மண்டபம் கீது பாரு, அங்கதான் கூட்டிப் பெருக்குறேன். சுப்பம்மான்னா எல்லாருக்கும் தெரியும். அங்க ஒரு சாமியார் வராரு, நல்ல மன்சன். மனசு ஓயாம பேசிக்கினே கீது, அத்த கொஞ்சம் அடக்கிப் பாரு, உள்ள சாமி இருக்கறது தெரியும்பாரு. நான் தொடப்பத்த வச்சிக்கினு வாசல்லயே நின்னு கேப்பேன். எனக்கு சாமி தெரியணும்னுலாம் ஆச இல்ல. இந்த மண்டைக்குள்ள கீற சத்தம் ஒரே ஒரு வாட்டி நின்னா போதும், அவ்ளோதான்.

எங்க குந்துறது சொல்லு? ஆத்தங்கரை குடிசைல இருந்த எங்கள கவர்மெண்ட்டுக்காரனுங்கோ இஸ்துகினு போயி ஊருக்கு வெளிய எட்டாவது மாடில போட்டானுங்கோ. அங்க காக்கா கூட கத்தாது. சரி, இதான் எடம்னு ஃபேன நிறுத்துனேன், டிவிய நிறுத்துனேன், ஃப்ரிஜ்ஜு டர்ர்ருன்னு கத்துதேன்னு அதையும் புடுங்கி வுட்டேன். யப்பா! வெளிய சத்தம் கொறய கொறய உள்ள ஏறுது. ஃப்ரிஜ்ஜ திரும்ப மாட்ட மறந்துட்டேனா, மாவு பொங்கி தரையெல்லாம் ஓடுது. எங்க வூட்டுக்காரரு வடிவேலு, இன்னா சாமியாரம்மா, தோசையாவது உண்டான்னு ஒரே நக்கல்.

இன்னிக்கி பஸ்ஸு வரல. கண்டக்டர் கத்துறான், கொய்யாப்பழக்காரி கத்துறா, ஆட்டோக்காரன் ஹார்ன்லேர்ந்து கைய எடுக்க மாட்றான். சர்தான் போங்கடான்னு கண்ண மூடுனேன். இவ்ளோ பேரு கத்த சொல்ல நான் வேற எதுக்கு உள்ள கத்தணும்னு வுட்டுட்டேன். டப்புன்னு நின்னுச்சு நைனா! சத்தம்லாம் கீது. பாத்துக்கினு ஒண்ணு கீது. சுப்பம்மா ஒண்டி இல்ல. சொல்லத் தெரிலபா, ஷோக்கா இருந்துச்சு.

இன்னா சத்தமா? உள்ளயா?

எம் பொண்ணுதான், மணிமொழி. போன ஐப்பசில காச்சல்ல போய்ட்டா. அப்போலேர்ந்து யம்மா, யம்மான்னு கூப்டுகினே கீறா. கூட்ட சொல்ல, துன்ன சொல்ல, பஸ்ல வர சொல்ல, வுட மாட்டா. இன்னிக்குத்தான் கூப்டல. நீ எழுப்பி வுட்டதும் பக்குன்னு ஆயிடுச்சு, இன்னா இவ கூப்டவே இல்லியேன்னு. அப்பாலதான் வெளங்குச்சு, சிரிப்பு வந்துடுச்சு. பக்கத்துலயே குந்திகினு இருந்தா நைனா. எதுக்கு கூப்புடப் போறா?