கொயினா தீர்ந்த பிறகு

பந்தலூர்ப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் துணி காயாது, இன்ஸ்பெக்டர் ஐயா. நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது கொஞ்சம் நீளம்.

என் முகம் எங்கோ பார்த்த முகமாகத் தோன்றுகிறது என்றீர்கள். பார்த்திருப்பீர்கள். பேசும் படம் வந்த புதிதில், கல்கத்தாவுக்குக் கூட்டிப்போய் எடுத்த ஒரு படத்தில் பாலமுருகன் வேஷம் போட்ட மாஸ்டர் கருணாகரன் நான்தான். அப்போது எனக்குப் பதினொரு வயது. கொட்டகை வாசலில் பெண்கள் என் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். திருப்பூரில் ஒரு தாய், காய்ச்சல் கண்ட குழந்தையை என் மடியில் கிடத்தித் திருநீறு பூசச் சொன்னாள். பூசினேன். அந்தக் குழந்தை இறந்துவிட்டதாக மறுநாள் அப்பா யாரிடமோ தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான் வேஷம் கட்டவில்லை. டாக்டர்தான் ஆவேன் என்று பிடிவாதம் பிடித்து மெட்ராஸில் எல்.எம்.பி. படித்தேன். இந்தக் கதையைப் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்லக் கூசுகிறது.

யுத்தத்தின் கடைசி வருஷம் இந்தத் தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். இங்கே மலைக்காய்ச்சல் ஆளைக் கொல்லும். கொயினா ஒன்றுதான் மருந்து, அதிலும் பெரும்பங்கு பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் படம் கூடலூர் டூரிங் கொட்டகையில் ஓடியிருக்கிறது போலும். முதல் வாரமே கூலியாட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். கொழுந்தெடுக்கும் பெண்கள் தலைத்துணியை எடுத்துவிட்டுத்தான் என் முன்னால் நின்றார்கள். முருகனே மருந்து கொடுக்க வந்திருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஆனி மாதம் கொயினா தீர்ந்தது. எஸ்டேட் துரை கெட்டவர் இல்லை, அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். மருந்து இல்லை என்று ஆட்களிடம் சொல்லிவிடு, காய்ச்சல்காரர்களைக் கூடலூர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, அங்கே கொஞ்சம் இருக்கிறது, லாரியும் லீவும் தருகிறேன் என்றார். நான் தலையாட்டினேன்.

மறுநாள் காலை வராந்தா நிறையக் கூட்டம். அந்த முகங்களைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கம்பவுண்டர் சகாயத்திடம் நிலவேம்பைக் காய்ச்சி, கொயினா இருந்த அதே பாட்டில்களில் ஊற்றச் சொன்னேன். அவர் தயங்கினார். இரண்டு நாளைக்குத்தான் என்றேன். இரண்டு நாள் ஒரு மாதமாயிற்று. சிலருக்குக் காய்ச்சல் தானாகவே தணிந்தது. அவர்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பாலாமணி, தேயிலைச் செடிகளின் கிளையைக் கவ்வாத்து வெட்டும் நல்லசாமியின் மனைவி. அவனுக்கு மறுபடி மறுபடி குளிர் கண்டபோது, மற்றவர்கள் கேட்காததை அவள் கேட்டாள்.

“ஏனுங்க டாக்டரய்யா, இது நெசமாலுமே கொயினாதானுங்களா? இல்லீன்னா சொல்லிப்போடுங்க. எப்பிடியாச்சும் அவுங்களக் கூடலூருக்குக் கூட்டிட்டுப் போயிருவேனுங்க.”

அவள் குரலில் சந்தேகம்கூட இல்லை. வழி கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள். நான் பாட்டிலிலிருந்து ஒரு மடக்கு ஊற்றி அவள் எதிரிலேயே குடித்தேன். கொயினா குடித்தவன் முகம் எப்படிச் சுளிக்குமோ அப்படிச் சுளித்தேன். அவள் சிரித்துவிட்டாள். பாட்டிலை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள்.

அந்த வாரமே நல்லசாமிக்குப் புத்தி தடுமாறியது. மனைவியை யாரென்று தெரியவில்லை. சகாயம் என்னைக் கேட்காமலே லாரியை வரவழைத்திருந்தார். டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை.

“இப்பக் கெளம்பினாப் பொழைச்சுக்குவானுங்க, டாக்டர். அங்க ஊசி போட்டுருவாங்க,” என்றார் சகாயம்.

இதுவரை என்ன கொடுத்தீர்கள் என்றுதான் கூடலூர் டாக்டர் முதலில் கேட்பார். பாலாமணி அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போவாள். அவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் போதும். நான் நல்லசாமியின் நாடியைப் பிடித்தேன். பயணம் தாங்கக்கூடிய நாடிதான். ரோடு குலுக்கலை இவன் தாங்கமாட்டான், இங்கேயே நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி லாரியைத் திருப்பி அனுப்பினேன்.

பார்த்துக்கொண்டேன். அதில் குறை வைக்கவில்லை. நெற்றியில் ஈரத்துணி மாற்றினேன், உதட்டை நனைத்தேன், பக்கத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. மறுநாள் மத்தியானம் அவன் மூச்சு நின்றது.

அந்த மழைக்காலத்தில் லைன் வீடுகளிலிருந்து பதினொரு பேர் போனார்கள். மருந்து இருந்தாலும் போயிருப்பார்கள் என்று மற்றவர்களைப் பற்றி எனக்கே நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நல்லசாமியைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவனை நான்தான் கொன்றேன்.

சகாயம் அந்தப் பாட்டிலோடு உங்களிடம் வந்ததில் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னதெல்லாம் உண்மை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

ஒன்று மட்டும் சகாயத்துக்குத் தெரியாது. நல்லசாமியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு பாலாமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கடைசி வரைக்கும் கூடவே இருந்தீங்க, சாமி,” என்றாள்.

நான் உடைந்து அழுதேன். அது நடிப்பில்லை, ஐயா. நிஜமான கண்ணீர். ஆனால் அழுதுகொண்டே முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன், ஜன்னல் வெளிச்சம் படுகிற பக்கமாக.