ஷைலஜாவுக்கு வந்த தைரியம்

ஜன்னல் பக்கமே ஒக்காருங்கம்மா, பரவால்ல. பாதி ரோட்டுல நெல்லக் காயப்போட்டு வச்சுருக்கான், பஸ்ஸு ஒரத்தநாடு தாண்டவே அரை மணி ஆவும் போலருக்கு. எங்க விட்டேன்? ஆங், நாடகம்.

எங்க வீட்டுக்காரரு பேரு கல்யாணம், தமிழ் வாத்தியாரு. ரெண்டாயிரத்துல எங்கூரு வாசகசாலை ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் எழுதுனாரு. சோகந்தான். ராசா மவ ஒருத்தி, அப்பன் கிழிச்ச கோட்டத் தாண்டாதவ. எதிரி நாட்டுப் படைத்தலைவன் மேல ஆசப்படுறா. ஆசை வந்ததும் ஆளே மாறி, கடைசியில சபையில நின்னு அப்பனயே கேள்வி கேட்டுட்டு வெஷத்தக் குடிச்சுச் செத்துப்போறா. அந்த வேஷம் எங்க பொண்ணு ஷைலஜாவுக்கு. காலேஜு முடிச்சுட்டு வீட்டுல இருந்தா. படைத்தலைவனா விஸ்வான்னு ஒரு பையன், ஏசி மெக்கானிக்கு. கொரலு கணீர்னு இருக்குன்னு இவரேதான் போயி அழச்சிட்டு வந்தாரு. நான் இல்லீங்க, இவரேதான்.

மொத பத்து நாளு அவளுக்கு ஒண்ணும் வரல. அப்பாவுக்கு மோர் வேணுமான்னு கேக்கவே ரெண்டு தடவ தூணச் சுத்துற பொண்ணு, சபையில எப்புடிக் கேக்கும்? இவரு தலையில அடிச்சுக்குவாரு. ஏண்டி, மனசுல ஒருத்தன் வந்துட்டா பயம் போயிரும்டி, அத மொகத்துல காட்டுன்னு கத்துவாரு.

பதினோராம் நாளு காட்டுனா பாருங்க. தந்தையே, உங்கள் கோட்டைக்கு நான் கதவல்ல, நினைத்தபோது சாத்தி வைக்கன்னு ஒரு வசனம். ஒத்திகை பாத்தவங்க கையத் தட்டுனாங்க. பாத்தியா சரசா, எம் பயிற்சின்னு இவருக்குப் பெருமை தாங்கல. நான் அந்த விஸ்வாவத் திரும்பிப் பாத்தேன். எது நடிப்புன்னு பெத்தவளுக்குத் தெரியாதா?

விழா முடிஞ்சு எட்டாம் நாளு, கூடத்துல வந்து நின்னா. அப்பா, நான் விஸ்வாவத்தான் கட்டிக்குவேன், ஒளிஞ்சு போவ இஷ்டமில்ல, அதான் சொல்லிட்டுப் போறேன்னா. கொரலு நடுங்கல. இவரு சாதி என்ன சனம் என்னன்னு குதிச்சுட்டு, நேரா கொல்லைக்குப் போயி தலைமுழுவிட்டு வந்தாரு. நாடகத்துலயாவது நாலு காட்சி உசுரோட விட்டாரு.

ஆறு வருசமாச்சு. வீட்டுல அந்தப் பேர எடுக்கக் கூடாது. ஆனா வருசாவருசம் அதே நாடகத்தப் போடுவாரு, வேற வேற பொண்ணுங்கள வச்சு. அந்தப் பொண்ணு சாவுற எடத்துல தேம்பித் தேம்பி அழுவாரு. வாத்தியாருக்கு என்னா எளகுன மனசுன்னு ஊரே சொல்லும்.

அவளா? ஷார்ஜாவுல நல்லாருக்கா. வெள்ளிக்கிழமையானா பக்கத்து வீட்டு ஹபீபுன்னிசா போனுக்குப் பேசுவா. காய்கறி வாங்கப் போறேன்னு போயி பேசிட்டு வருவேன்.

ஆமாங்க, மாசமா இருக்கா. ரெண்டு தடவ கலஞ்சு, இப்பத்தான் நின்னுருக்கு. அடுத்த மாசம் பிரசவம். எனக்கு விசா, டிக்கெட்டு எல்லாம் மருமவன் அனுப்பிட்டாரு.

இல்ல இல்ல, ஒளிஞ்செல்லாம் வரல. காலையில காப்பியக் குடுத்துட்டுச் சொன்னேன். போனா திரும்பி வராதன்னாரு. சரின்னேன். அரிசி, பருப்பு எதெது எந்த டப்பாவுலன்னு காட்டிட்டுக் கெளம்பிட்டேன்.

ஏம்மா, திருச்சியில எறங்குனா ஏர்போர்ட்டுக்கு டவுன் பஸ்ஸு எங்க நிக்கும்?