மானுக்கு விதைத்த சோளம்

டர்னிப் கிழங்கின் விதையைக் கையில் வைத்துப் பார்த்தால் கடுகு என்றுதான் நினைப்பீர்கள். அவ்வளவு சின்ன விதை ஆழமாகப் போய்விட்டால் மேலே வரத் தெம்பு இருக்காது. அதனால் உழுது பொலபொலவென்று ஆக்கிய மண்ணை உருளை ஓட்டி மறுபடி இறுக்க வேண்டும். அதன்மேல் நடந்தால் பூட்ஸ் தடம் லேசாகத்தான் விழ வேண்டும். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு இந்தப் பொறுமை கிடையாது. மெத்தை மாதிரி மண்ணில் தூவிவிட்டு, விதை சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

நீங்கள் கேட்டது இதையல்ல, தெரியும். ஆனால் எனக்கு இங்கிருந்துதான் சொல்ல வரும்.

வெர்லின் என் தம்பி. அம்மா இறந்தபோது அவனுக்கு நடை வரவில்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனை வளர்த்தேன். அப்பா மாட்டுக் கொட்டகையே கதி என்று இருந்தார். பிறகு அவரும் போய்விட்டார். வீட்டில் நாங்கள் இருவர்தான். வளர்ந்த பிறகு வெர்லினுக்கு விஸ்கான்சினில் இருப்புக்கொள்ளவில்லை. பனி கரையும்போதெல்லாம் எங்காவது வேலைக்குப் போகிறேன் என்பான். ஒரு வருடம் பின்பக்கப் பள்ளத்தில் பெரிய கொம்புமான் ஒன்றைப் பார்த்தான். வேட்டைப் பருவம் முடியும்வரை ஊரைவிட்டுப் போகும் பேச்சையே எடுக்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பள்ளத்தில் மானுக்காக விதைக்கிறேன். தீவனம் இருக்கும் இடத்துக்கு மான் வரும். மான் வரும் இடத்தில், மரத்தில் கட்டிய பரணில், வெர்லின் இருப்பான். இதில் தவறு என்ன என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மே மாதத்தில் அவன் கோரினுக்கு நிச்சயதார்த்த மோதிரம் போட்டான்.

கோரின் நல்ல பெண். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களோடு வந்து தங்கிய நாளிலிருந்து, சாப்பிட்டதும் யாரும் சொல்லாமலே பாத்திரம் கழுவ எழுந்துவிடுவாள். அவள் அப்பாவுக்கு அரிசோனாவில் குழாய் வேலைக் கடை இருக்கிறது. வேட்டைப் பருவம் முடிந்ததும் இருவரும் அங்கே போய்விடுவதாக முடிவாகியிருந்தது.

"நீங்களும் வந்துடுங்க அக்கா. அங்க பனி அள்ளுற வேலையே கிடையாது."

"அக்காவா? அவ மானையெல்லாம் பஸ்ல ஏத்திக்கிட்டுத்தான் வருவா," என்றான் வெர்லின்.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூனில் மண் சூடானதும் பள்ளத்தின் ஓரமாக, வீட்டிலிருந்து இறங்கும் பாதை நெடுக, உயரமாக வளரும் சோளத்தை விதைத்தேன். மான் வெட்டவெளியில் மேயப் பயப்படும். மறைப்பு இருந்தால் வெளிச்சம் இருக்கும்போதே வரும். வெர்லின் டிராக்டர்மேல் சாய்ந்துகொண்டு பார்த்தான்.

"என்னக்கா, சுவரா எழுப்புற? இது வளந்துட்டா பரண்ல இருந்து பாதையே தெரியாதே."

"பாதையில உனக்கென்ன வேலை? மானைப் பாரு."

"மானைக் கவனிக்கிறதுல பாதி என்னைக் கவனிச்சிருந்தா நான் கல்யாணப் பேச்சே எடுத்திருக்க மாட்டேன், போ."

விளையாட்டாகத்தான் சொன்னான்.

ஜூலைக் கடைசியில் பள்ளத்தில் டர்னிப்பைத் தூவினேன். சோளத்தை ஒட்டி ஒரு கம்பிக்கூண்டைக் கவிழ்த்து வைத்தேன். மான் எவ்வளவு மேய்ந்திருக்கிறது என்று தெரிய இப்படி ஓர் இடத்தை மூடிவைப்பது வழக்கம். உறைபனி விழுந்ததும் டர்னிப் இனிக்கும். மான்கள் மொத்தமாக இறங்கிவிடும். நவம்பரில் தோட்டம் முழுக்க மொட்டை. கூண்டுக்குள் மட்டும் முழங்கால் உயரத் தழை, உள்ளங்கை அகலக் கிழங்கு. மாலையில் மான்கள் அந்தக் கூண்டை முட்டிக்கொண்டு நிற்கும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் கோரினின் சிவப்புக் கோட்டைத் துவைத்துப் போட்டேன். வானம் மூடியிருந்தது. கோட்டு காயாது என்று தெரியும். மதியம் வெர்லின் துப்பாக்கியோடு பள்ளத்துப் பரணுக்குக் கிளம்பியபோது, கோரின் டவுனில் அவள் சித்தி வீட்டுக்குப் போகிறாள், ராத்திரிதான் வருவாள் என்றேன். சாயங்காலம் கோரினிடம், வெர்லின் வடக்கு மேட்டுக்குப் போயிருக்கிறான் என்றேன். ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு இப்படி எத்தனையோ பேசுகிறோம்.

மான்கறி அடுப்பில் இருந்தது.

"ரெண்டு கிழங்கு போட்டா நல்லாருக்கும். கூண்டுக்குள்ளதான் நல்லது இருக்கு," என்றேன்.

"நான் பிடுங்கிட்டு வரேன் அக்கா. என் கோட்டு இன்னும் ஈரமா இருக்கே?"

என்னுடைய பழுப்புக் கம்பளிக் கோட்டைக் கொடுத்தேன். வேட்டை நாட்களில் வேட்டைக்காரர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியப் போட்டுக்கொள்ளும் ஆரஞ்சு மேல்சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் எப்போதும் தொங்கும். அவள் அங்கே பார்த்தாள்.

"அந்த ஆரஞ்சு எங்கக்கா? அது இல்லாம இறங்கினா வெர்லின் கத்துவான்."

"அவன்தான் இங்க இல்லையே. இருட்டுறதுக்குள்ள ஓடிட்டு வா."

"இதைப் போட்டா நானே ஒரு மான் மாதிரி இருக்கேன்," என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

ஆரஞ்சுச் சட்டை என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நீங்கள் இன்னும் அங்கே தேடியிருக்க மாட்டீர்கள்.

கூண்டைத் தூக்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். கிழங்கு பிடுங்க மண்டியிட வேண்டும். ஒரே ஒரு வெடிதான் கேட்டது. வெர்லினுக்குக் குறி தப்பாது; சின்ன வயதிலேயே அப்படித்தான். அப்போது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அதை முடித்துவிட்டுத்தான் கையைக் கழுவினேன்.

அவளைத் தூக்கிக்கொண்டு சோளத்தை ஒடித்துக்கொண்டு அவன் மேலே வந்தான். "அவ டவுனுக்குத்தானே போனா? டவுனுக்குன்னுதானே சொன்ன?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டான். நான் அவன் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

நான்தான் கொன்றேன் என்று அவன் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறானாம். சாப்பிடவும் மாட்டேன் என்கிறானாம். அது சரியில்லை. அவன் விரலை மடக்கினான், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் செய்தது. எப்போது இந்த எண்ணம் வந்தது என்று கேட்டீர்கள். அன்று சாயங்காலம், அவள் ஈரக் கோட்டைத் தொட்டுப் பார்த்தபோது வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். என்னை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அரிசோனாவுக்கு ஓடிவிடுவான் என்று பயப்படாதீர்கள். இனி அங்கே போக அவனுக்குக் காரணம் இல்லை. குளிர் குறையும்போது நானும் வந்துவிட்டால், ஏப்ரலில் தீவனப்புல் விதைக்கலாம்.

சோளம் ஆள் உயரம் வளர எத்தனை மாதம் ஆகும் என்று இப்போது கேட்கிறீர்கள். நீங்களும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான் போலிருக்கிறது. சரி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவனிடம் மட்டும் சொல்லாதீர்கள். அதை நான் மானுக்காக விதைத்தேன் என்றே அவன் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.